வானம் தெரிய ஒரு கூரை

யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு முடிந்த இரவே ஜெருசலேமில் சுத்தியல் சத்தம் எழுந்துவிடுகிறது. ஐந்தாம் நாள் சுக்கோத் பண்டிகை. எகிப்தை விட்டு வெளியேறிய முன்னோர் பாலைவனத்தில் தங்கியதை நினைத்து, ஏழு நாட்கள் குடிலில் வாழச் சொல்கிறது யூத வேதமான தோரா. அந்தக் குடிலுக்கு சுக்கா என்று பெயர்.

மத வழக்கங்களைத் தவறாமல் பின்பற்றுவோர் வாழும் பகுதிகளில் அடுக்குமாடிகளை அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். பால்கனிகள் ஒன்றின் நேர்மேலே ஒன்று வராமல் தள்ளித் தள்ளி அமைந்திருந்தன. சுக்காவுக்கும் வானத்துக்கும் நடுவே வேறு தளம் குறுக்கிடக் கூடாது என்பது விதி. மண்ணில் விளைந்து வெட்டப்பட்ட ஓலையும் கிளையுமே கூரை. உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும்; இரவில் ஓலை இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிந்தால் சிறப்பு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவின் விதி, இன்றைய கட்டட வரைபடம் வரை வந்து நிற்கிறது.

1874-இல் உருவான மேயா ஷெயாரிம் பகுதியில், பண்டிகைக்கு வேண்டிய நான்கு தாவரங்களின் விற்பனை மும்முரமாக நடந்தது. பேரீச்சங்குருத்து, மிர்ட்டில், ஆற்றலரி, நாரத்தை இனத்து எத்ரோக். ஒரு முதியவர் எத்ரோக்கை உள்ளங்கையில் உருட்டி, உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டிவைத்துத் தோலை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். நுனியருகே கடுகளவு புள்ளி. கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கடைக்காரருக்குத் துளியும் சலிப்பில்லை. இறைவனுக்கென்று எடுப்பதில் காட்டும் அந்தக் கவனத்தில் பக்தியைக் கண்டேன்.

இரவில் ஒரு குடும்பம் என்னைத் தங்கள் சுக்காவுக்கு அழைத்தது. சாப்பாடு முடிந்ததும் தந்தையும் மகனும், மிஷ்னாவை விவாதிக்கும் நூலான தல்மூதைத் திறந்தார்கள். பக்கத்தின் நடுவில் மூலம். இருபுறமும் உரையாசிரியர் ராஷியின் உரையும் தோசஃபோத் என்னும் விளக்கங்களும். 20 முழத்துக்கு மேல் உயர்ந்த சுக்கா செல்லாது என்பது முதல் விதி. ரபி யெஹூதா என்ற அறிஞர் மறுக்கிறார்: லோத் நகரில் ஹெலெனா ராணியின் சுக்கா அதைவிட உயரமாக இருந்தது, அங்கே போய்வந்த பெரியவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! அவர் கருத்து சட்டமாகவில்லை. ஆனாலும் அதை அழிக்காமல் எழுதிவைத்து, இன்றும் படிக்கிறார்கள்.

"மழை வந்தா என்னப்பா பண்றது?" என்றான் மகன்.

"கஞ்சி கெட்டுப்போற அளவுக்குப் பெய்தா வீட்டுக்குள்ள போகலாம்னு மிஷ்னாவே சொல்லுதே" என்றார் தந்தை.

சட்டம் என்றாலே கெடுபிடி என்று நினைப்பவர்கள் இந்த உரையாடலைக் கேட்க வேண்டும். வாதாடிப் படிப்பதால்தான் அந்தச் சட்டம் அவர்களுக்குப் பாரமாகத் தெரியவில்லை. அந்தப் படிப்புக்கு முடிவும் இல்லை: சுக்கோத் முடிந்ததும் வரும் சிம்ஹாத் தோரா விழாவில், தோராவின் கடைசிப் பகுதியை வாசித்த கையோடு முதல் பகுதியைத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஜெருசலேம் போகிறவர்கள் சுக்கோத் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் பேருந்துகள் ஓடாது, பெரும்பாலான கடைகளும் மூடியிருக்கும், இடைநாட்களே வசதி. யாராவது சுக்காவுக்குள் அழைத்தால் தயங்காமல் போய் உட்காருங்கள், மனதில் பட்ட கேள்வியைக் கேளுங்கள். கேள்விக்கு அங்கே என்றும் மரியாதை உண்டு.