பத்து சென்ட் புத்தகத்து ஆட்கள்

ஸ்பைடரின் ஹெலிகார் நியூயார்க் கட்டடங்களுக்கு மேலே பறக்கும் படங்களில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் லயித்திருப்பேன். கூரிய காதும் ஏறிய புருவமுமாக அந்தக் குற்றச் சக்கரவர்த்தி தன் கூட்டாளிகளான ஆர்டினியையும் பெல்ஹாமையும் விரட்டி வேலை வாங்குவான். அவன் கதைகளைத் தமிழில் தந்த சிவகாசி லயன் காமிக்ஸ் வகுப்பில் கைமாறி வரும்போது அட்டை கிழிந்திருக்கும். உள்ளே கதை முழுசாக இருந்தால் போதும். எழுதியது யார், வரைந்தது யார் என்று நாங்கள் கேட்டதில்லை. மூலமான பிரிட்டிஷ் ‘லயன்’ வார இதழே அந்தக் காலத்தில் பெயர் போடாது. ஸ்பைடரை 1965இல் தொடங்கிவைத்தவர் டெட் கோவன், வரைந்தவர் ரெக் பன். கோவனுக்குப் பின் எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல்!

இது தெரிந்த பிறகுதான் சூப்பர்மேன் அறிமுகமான ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் மறுபதிப்பைத் தேடிப் படித்தேன். அட்டையில் 1938 ஜூன், விலை பத்து சென்ட். பச்சைக் காரைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் அந்த மனிதனுக்கு உள்ளே கிடைத்தது 13 பக்கம்தான். புத்தகமோ 64 பக்கம். மிச்சமெல்லாம் பலகாரக் கடைபோல ஒவ்வொன்றும் ஒரு ருசி: ஹோமர் ஃப்ளெமிங்கின் கௌபாய் சக் டாசன், பெர்னார்ட் பெய்லியின் டெக்ஸ் தாம்சன், வில் ஈலி வரைந்த நிருபர் ஸ்கூப் ஸ்கேன்லன், படமில்லாமல் எழுத்தாகவே ஓடும் ஒரு தென்கடல் கதை. ஃப்ரெட் கார்டினீருக்கு ஒரே இதழில் இரண்டு வேலை. மந்திரவாதி ஸடாராவும் அவர் கைதான், விளையாட்டு வீரன் பெப் மார்கனும் அவர் கைதான்.

ஸ்வென் எல்வென் வரைந்த மார்க்கோ போலோவும் அதில் இருக்கிறார். நம் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதிவைத்த அதே மார்க்கோ போலோ, சூப்பர்மேன் பிறந்த புத்தகத்தில்! எனக்கு அது ஊர்க்காரரைப் பார்த்த சந்தோஷம்.

அந்த 13 பக்கங்களை இன்றும் மூச்சுவிடாமல் படிக்கலாம். நிரபராதிப் பெண்ணின் மரண தண்டனையை நிறுத்த சூப்பர்மேன் நள்ளிரவில் கவர்னர் வீட்டுக் கதவை உடைக்கிறான். மனைவியை அடிக்கிறவனைச் சுவரில் மோதவைக்கிறான். பிறகு வாஷிங்டனில் ஊழல் செனட்டர் ஒருவரின் பின்னால் போகிறான். வேற்றுக்கிரக அரக்கர்கள் யாரும் இல்லை. பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த கிளீவ்லாந்து இளைஞர்களான சீகலுக்கும் ஓவியர் ஜோ ஷஸ்டருக்கும் எதிரிகள் பக்கத்திலேயே இருந்தார்கள். செய்தித்தாளுக்கென்று ஷஸ்டர் வரைந்துவைத்த படப் பட்டைகளை வெட்டி ஒட்டித்தான் அந்தப் பக்கங்களைச் செய்தார்கள். அந்த அவசரமே கதைக்கு வேகமாகிவிட்டது.

அதற்குக் கூலி 130 டாலர், இருவருக்கும் சேர்த்து. அதோடு உரிமை முழுவதும் பதிப்பாளருக்குப் போனது. முதல் இதழில் இருவர் பெயரும் அச்சாகியிருந்தது. 1947இல் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். அதன் பிறகு பெயரும் போனது. 1960களில் சீகல் மறுபடி உரிமை கேட்டபோது அந்தப் பதிப்பாளரிடம் கிடைத்துவந்த வேலையும் நின்றது. ஸ்பைடர் எழுதியது அந்த வறண்ட காலத்தில். சூப்பர்மேன் என்ற தன் பிள்ளையை இழந்தவர், வலையும் வாயுத் துப்பாக்கியும் ஏந்திய இந்தத் திமிர்பிடித்தவனுக்கு அவ்வளவு கொண்டாட்டத்தோடு வசனம் எழுதினார் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

1975இல், சூப்பர்மேன் சினிமாவுக்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது, சீகல் பத்திரிகைகளிடம் முறையிட்டார். ஓவியர்கள் பலர் அவருக்கு ஆதரவாகக் கூடி நின்றார்கள். ஷஸ்டருக்கு அதற்குள் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. அந்த ஆண்டு இறுதியில் இருவருக்கும் ஓய்வூதியம் கிடைத்தது. சூப்பர்மேன் கதைகளில் பெயர்களும் திரும்பி வந்தன.

பிரிட்டனில் அண்மையில் வந்த ஸ்பைடர் மறுபதிப்பில் கோவன், சீகல், பன் மூவர் பெயரும் இருக்கின்றன. ஃப்ளெமிங், எல்வென், ஈலி போன்றவர்களுக்காகப் பேச அப்படி ஒரு கூட்டம் சேரவில்லை. முதல் இதழ் என்றால் அந்த 13 பக்கங்களை மட்டும் பிரித்து அச்சிடுகிறவர்களிடம் மிச்சத்தையும் சேர்த்துப் போடுங்கள் என்றே கேட்பேன். அந்தப் பத்து சென்ட்டில் அவர்கள் உழைப்பும் இருந்தது.