வேலை போச்சு, கார்டு கடன் மட்டும் நிக்குது

 

வழக்கமா நான் இங்க உபயம், கோத்தோங் ரோயோங், அன்னதானத்துக்கு காய் வெட்ட ஆள் வேணும்னுதான் எழுதுவேன். இன்னிக்கு பண விஷயம். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நான் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். படிப்பு எஸ்.பி.எம். வரைக்கும்தான். வக்கீலும் இல்ல, பேங்க்காரனும் இல்ல. ஆனா ஆட்குறைப்பு நடந்தப்போ ஆளுங்க முகத்தை பக்கத்துல நின்னு பார்த்தவன். வேலை போன முதல் மாசம் தைரியமாத்தான் இருப்பாங்க. ரெண்டாவது மாசம் போன் எடுக்க மாட்டாங்க. அப்புறம் கோயிலுக்கும் வர மாட்டாங்க. தெரிஞ்சவங்க ஏதாவது கேட்டுடுவாங்கன்னு கூச்சம்.

நம்ம அன்னதானத்துல பல வருஷமா பாத்திரம் கழுவின ஒரு அண்ணன், கிள்ளான்ல இருக்கார். தைப்பூசம் முடிஞ்சு ரெண்டு வாரத்துல கம்பெனி அவரை நிறுத்திடுச்சு. பங்குனி உத்திரத்துக்கு ஆளைக் காணோம். வீட்டுக்குப் போய் பார்த்தேன். பிஸ்கட் டின் நிறைய பேங்க் கடிதம், பாதி பிரிக்கவே இல்ல. ஒரு கார்டுல 8,000 வெள்ளி பாக்கி. இன்னொன்னு பத்து வருஷத்துக்கு முன்னாடி கட்டாம விட்ட கார்டு. அதுக்கு வசூல்காரன் தினமும் போன் பண்ணி, "இன்னிக்கே 300 போடு"ன்னு மிரட்டுறான். விளக்குக் கம்பத்துல ஒட்டியிருந்த ஆலோங் நம்பரை அண்ணன் எழுதி வச்சிருந்தார். அண்ணி மட்டும் தடுக்கலன்னா அன்னிக்கே கூப்பிட்டிருப்பார்.

அதுக்கப்புறம் நாங்க ஒவ்வொண்ணா விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டதை உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல சொக்சோ. ஆட்குறைப்புல வேலை போனவங்களுக்கு 2018-லிருந்து வேலை காப்புறுதித் திட்டம் இருக்கு. மாசா மாசம் நம்ம சம்பளத்துலயும் அதுக்கு பிடிக்கிறாங்க. வேலை போன 60 நாளுக்குள்ள மனு போடணும். முதல் மாசம் காப்புறுதி சம்பளத்துல 80 விழுக்காடு, அடுத்த மாசம் 50, பிறகு 40, 40, 30, 30. சந்தா கட்டின காலத்தைப் பொறுத்து ஆறு மாசம் வரைக்கும் கிடைக்கும். தானா ராஜினாமா பண்ணினா கிடைக்காது. கம்பெனி அறிவிச்ச வி.எஸ்.எஸ். எடுத்தவங்களுக்கு உண்டு. அண்ணனுக்கு அப்போ ரெண்டு வாரம்தான் பாக்கி. மறுநாளே மனு போட்டோம்.

ரெண்டாவது, இப்போ ஓடுற கார்டு. 8,000 வெள்ளிக்கு வருஷத்துக்கு 18 விழுக்காடுன்னா மாசம் 120 வெள்ளி வட்டி மட்டும். குறைஞ்சபட்சக் கட்டணம் 5 விழுக்காடு, அதாவது 400. அதையும் கட்டலன்னா தாமதக் கட்டணம் தனி. பேசாம இருந்தா கடன் வளர்ந்துக்கிட்டே இருக்கும். அதனால வேலை போன கடிதத்தோட பேங்குக்கு நாமே முதல்ல போயிடணும்.

அடுத்து ஏ.கே.பி.கே. 2006-ல பேங்க் நெகாரா ஆரம்பிச்சது. ஆலோசனை இலவசம். எல்லா பேங்க் கடனையும் சேர்த்து, வட்டியைக் குறைச்சு, ஒரே மாசத் தவணையா மாத்த பேங்குகளோட பேசுவாங்க. ஆனா அந்தத் திட்டத்துல சேர, வீட்டுச் செலவு போக கையில கொஞ்சமாவது மிஞ்சணும். வருமானமே இல்லாதப்போ ஆலோசனை மட்டும் கிடைக்கும், அதுவும் பெரிய உதவிதான். அண்ணன் இப்போ ஒரு கடையில பகுதி நேரம் வேலை செய்யறார். இனிமே திட்டத்துக்கு மனு போடலாம். ஆலோங் கடனை ஏ.கே.பி.கே. எடுக்காது, ஞாபகம் வச்சுக்குங்க.

மூணாவது, பழைய கார்டு. இதுதான் பலருக்குத் தெரியாது. 1953-ஆம் வருஷத்து காலவரம்புச் சட்டப்படி, இந்த மாதிரி கடனுக்கு தவணை தவறின நாளிலிருந்து ஆறு வருஷத்துக்குள்ள வழக்கு போடணும். நடுவுல நாம கொஞ்சம் பணம் கட்டினாலோ, கடனை ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தாலோ, அந்த ஆறு வருஷம் மறுபடி முதல்ல இருந்து எண்ணப்படலாம். வசூல்காரன் "சும்மா 50 வெள்ளி போடு"ன்னு கேட்டா யோசிங்க. கடைசியா எப்போ கட்டினோம், கோர்ட் தீர்ப்பு ஏதாவது இருக்கா, பாக்கி எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க. தீர்ப்பு இருந்தா கணக்கு வேற. கோர்ட் கடிதம் வந்தா குப்பையில போடாதீங்க, காலம் கடந்துடுச்சுன்னு நாம சொன்னாதான் கோர்ட் பார்க்கும். ஒரு வக்கீலிடம் காட்டுங்க.

கடன் வாங்கினா கட்டணும், அதுல எனக்கு வேற பேச்சு இல்ல. ஆனா பிள்ளைங்க சாப்பாட்டுக் காசை, பேப்பர் ஒண்ணும் காட்டாம போன்ல மிரட்டுறவனுக்குக் கொடுக்கறது நேர்மைன்னு நான் நினைக்கல.

பயமுறுத்த "திவால்"னு சொல்லுவாங்க. 2021-லிருந்து 100,000 வெள்ளிக்குக் குறைஞ்ச கடனுக்கு திவால் வழக்கு போட முடியாது. கார்டு கடன் கட்ட முடியாதது கிரிமினல் குற்றமும் இல்ல.

55 வயசானவங்களுக்கு ஒரு வார்த்தை. பதற்றத்துல ஈ.பி.எப். முழுசையும் எடுத்துக் கட்டிடாதீங்க. அங்க இருக்கிற வரைக்கும் கடன்காரன் அதுல கை வைக்க சட்டம் விடாது. வெளியே எடுத்துட்டா அந்தப் பாதுகாப்பு போச்சு. முதல்ல ஆலோசனை, அப்புறம் முடிவு.

இன்னொன்னு, காவடிக்கும் உபயத்துக்கும் யாரும் கடன் வாங்காதீங்க. நேர்த்திக்கடன் ஒரு வருஷம் தள்ளிப் போனா முருகன் வட்டி போட மாட்டான்.

நம்ம கோயில்ல பணம் கடன் கொடுக்கற வழக்கம் இல்ல. ஆனா வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சதும் நான் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் இருப்பேன். பிரிக்காத கடிதம் இருந்தா எடுத்துட்டு வாங்க, சேர்ந்து படிப்போம். எங்க போகணும்னு சொல்றேன், வேணும்னா கூடவும் வர்றேன். யார்கிட்டயும் பேச்சு போகாது. கடிதம் இல்லன்னாலும் வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க.

தெரிஞ்சவங்களுக்கு அனுப்புங்க. முருகன் துணை.