பூவின் நிறத்தை அன்றே எழுது

2017 ஜூன் மாதம். எம்.எஸ்சி. முடித்திருந்த தம்பி ஒருவன் எங்கள் துறை வாசல் வேப்பமரத்தடியில் காத்திருந்து கேட்டான். "அக்கா, உங்க சார்கிட்ட பிஎச்.டி. சேரலாம்னு இருக்கேன். சார் எப்படி?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சார் அறையின் ஜன்னல் திறந்திருந்தது. "கொஞ்சம் கண்டிப்பு. மத்தபடி நல்லவர்ப்பா" என்றேன்.

அவன் சேர்ந்தான். 2019 நவம்பரில், ஆய்வை முடிக்காமலே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். அவன் இழந்த அந்த இரண்டரை ஆண்டில் என்னுடைய அந்த ஒற்றை வரிக்கும் பங்கு உண்டு.

அவன் கேட்ட அன்று நான் அதே கைடிடம் இரண்டு ஆண்டுகள் முடித்திருந்தேன். துறை தாவரவியல். மாதம் 25,000 ரூபாய் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை. கைடு கையெழுத்துப் போட்டால்தான் அந்த மாதப் பணம் வரும். 2016 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை அவர் போடவில்லை. அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பந்தி பார்க்க நான் போகாததுதான் காரணம் என்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. நான்கு மாதமும் விடுதி மெஸ் பாக்கியை அண்ணன் கட்டினான். அவர் திருத்த வேண்டிய விடைத்தாள் கட்டுகளை நாங்கள் திருத்தினோம். அவர் மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர முறைவைத்துப் போனோம். கொல்லிமலையில் நான் இரண்டு மழைக்காலம் அலைந்து சேகரித்ததை வைத்து ஒரு கட்டுரை வந்தது. அதில் முதல் பெயர் அவருடையது. இரண்டாவது, வேறொரு கல்லூரியில் இருந்த அவருடைய நண்பர். அந்த மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றைக்கூட ஏறாதவர். மூன்றாவதாக நான்.

இவ்வளவும் தெரிந்த ஒருத்தி ஏன் "நல்லவர்" என்றாள்?

பயம்தான் முதல் காரணம். கல்லூரியில் ஒரு வாத்தியார் சரியில்லை என்றால் ஒரு செமஸ்டரைக் கடத்திவிடலாம். அடுத்த வகுப்புக்கு வேறொருவர் வருவார். ஆராய்ச்சியில் அப்படி இல்லை. பணத்துக்கும் சினாப்சிஸுக்கும் அவர் கையெழுத்து வேண்டும். ஆய்வேட்டைத் திருத்தப்போகிறவர்களின் பெயர்ப்பட்டியல் அவரிடமிருந்துதான் போகும். நம் முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆலோசனைக் குழுவை யு.ஜி.சி. விதிகளே வகுத்திருக்கின்றன, அந்தக் குழுவின் கன்வீனரும் அதே கைடுதான். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அவர் கூட்டும் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

இரண்டாவது, வளர்ப்பு. மாதா பிதாவுக்கு அடுத்த இடத்தில் குருவை வைத்துத்தான் என்னை வளர்த்தார்கள். அம்மாவிடம் ஒருமுறை அழுதபோது, "படிப்பு சொல்லித் தர்றவரைப் பேசாதடி, வித்தை ஒட்டாது" என்றாள்.

மூன்றாவதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு இவ்வளவு காலம் ஆனது. பட்ட கஷ்டம் கொஞ்ச நாளில் பெருமையாக மாறிவிடும். நாங்கள் தாங்கினோம், இவனும் தாங்கட்டும் என்ற எண்ணம் என் அடிமனத்தில் இருந்தது. மாமியாரிடம் பட்டவள் மருமகளிடம் காட்டுவாள் என்பார்களே, அந்தக் கதைதான்.

2020 பிப்ரவரியில் எனக்கு வைவா. வந்தவர்களுக்கெல்லாம் என் செலவில் மதியப் பிரியாணி. அதற்கு முன்பே ஆய்வேட்டின் நன்றியுரையில் எழுதியிருந்தேன்: தந்தையைப் போல் வழிநடத்திய நெறியாளருக்கு நன்றி என்று. சீனியர் ஒருவரின் ஆய்வேட்டிலிருந்து எடுத்த வரி அது. எழுத்துத் திருட்டைப் பிடிக்க யு.ஜி.சி. 2018இல் விதிமுறை கொண்டுவந்தது. ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் கேள்வி வரும். ஆனால் அந்தக் கணக்கில் நன்றியுரையைச் சேர்ப்பதில்லை. ஆய்வேட்டில் காப்பியடிக்க அனுமதி உள்ள பக்கங்களில் அதுவும் ஒன்று. நான் பொய் சொன்ன பக்கம் அது ஒன்றுதான். ஆய்வேடுகளைத் தொகுத்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

பட்டம் கைக்கு வந்ததும் நாக்கு அவிழ்ந்தது. அவிழ்ந்த வேகத்தில் எதிர்ப்பக்கம் ஓடியது. 2022இல் தோழி ஒருத்தியின் வீட்டில் பழைய ஆய்வகக் கூட்டம் சேர்ந்தபோது நான் சாரை அரக்கனாக்கிக் கதை சொன்னேன். அவர் நடை, குரல், கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கும் விதம் எல்லாம் நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எட்டு மாசம் கையெழுத்துப் போடாம என்னைப் பட்டினி போட்டாரு" என்றேன். அங்கே சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் என் பக்கத்து மேஜையில் வேலை பார்த்த அக்கா. "நாலு மாசம்டி. டிசம்பர்ல ஒரு லட்சம் மொத்தமா வந்துச்சு. எங்களுக்கு பரோட்டா வாங்கிக் குடுத்தியே" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்தேன். நான்கு மாதம்தான். வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. எட்டு என்றுதான் என் மனம் நம்பியிருந்தது. நான்கே போதுமான அநியாயம்; அதை எட்டாக்கியதால் நடந்த நான்கையும் பொய்யாக்கப் பார்த்தேன். அவர் தரப்பு ஆள் ஒருவர் அங்கே இருந்திருந்தால், "இவ சொல்றதெல்லாம் இப்படித்தான்" என்று முடித்திருப்பார்.

அன்றிரவு நினைவுக்கு வந்தது, விந்தை என்னவென்றால், அவர் கற்றுக்கொடுத்த பாடம்தான். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிக்கட்டில் ஒரு கொடியைக் கண்டு, பறித்துத் தாளுக்குள் அழுத்தப் போனேன். சார் தடுத்தார். அங்கேயே படியில் உட்காரவைத்து நோட்டைத் திறக்கச் சொன்னார். தேதி, இடம், உயரம், சேகரித்தவர் பெயர், பூவின் நிறம். "காய்ஞ்சா எல்லாப் பூவும் ஒரே பழுப்புதான்மா. நிறத்தை இப்பவே எழுது. இது இல்லேன்னா உன் ஷீட்டு வெறும் சருகு." தன் சாப்பாட்டுப் பொட்டலத்தில் பாதியை அன்று எனக்குக் கொடுத்தவரும் அவர்தான். இலையைக் கசக்கி முகர்ந்தே குடும்பத்தைச் சொல்லிவிடுவார். அவரைப் போலத் தாவரம் தெரிந்தவரை நான் பிறகு பார்க்கவில்லை. இதையும் சொல்லாவிட்டால் நான் சொல்வது முழு உண்மை ஆகாது. இதைச் சொல்வதால் அந்த நான்கு மாதம் மூன்றாகவும் ஆகாது.

"நல்லவர்", "கெட்டவர்" இரண்டுமே காய்ந்த பழுப்பு. கேட்பவருக்கு அதனால் பயனில்லை. இந்தத் தேதியில் இது நடந்தது, இத்தனை மாதம், இன்னார் உடனிருந்தார் என்று சொன்னால் கேட்பவரே முடிவு செய்துகொள்வார். இப்போது மாணவர் குறைகளுக்கென்று 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பல்கலைக்கழகங்களில் குழு உண்டு. அதற்கு மேல் ஆம்பட்ஸ்பர்சன் என்ற குறைதீர்ப்பாளர் உண்டு. அங்கே போனாலும் முதலில் கேட்பது தேதியைத்தான். நான் அப்போதே எழுதிவைக்கவில்லை.

அந்தத் தம்பியை 2023இல் போய்ப் பார்த்தேன். தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். வேப்பமரத்தடியில் சொன்னது பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "நீங்க உண்மையைச் சொல்லியிருந்தாலும் சேர்ந்திருப்பேன்க்கா. எனக்கு வேற இடம் கிடைக்கல. ஆனா அங்க இருந்த நாளெல்லாம் தப்பு என்மேலதான்னு நெனச்சேன். 'அக்காவுக்கு நல்லவரா இருக்காரு, எனக்கு மட்டும் இப்படி இருக்காருன்னா நான்தான் சரியில்ல'ன்னு." அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

சேகரித்தவர் பெயரில்லாத லேபிள் செல்லாது என்பார் சார். சாட்சியமும் அப்படித்தான். ஆனால் ஆய்வகத்துக்குள்ளே இருக்கும் மாணவர் பெயர் போட்டுப் பேச முடியாது. பேசு என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. பட்டம் வாங்கி வெளியே வந்தவர்களால் முடியும். ஆனால் அவர்கள்தான் வாய்ப்பூட்டுப் போட்டதுபோல் மௌனமாகிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

போன வருடம் ஒரு பெண் போனில் அதே கேள்வியைக் கேட்டாள். "மேடம், சார் எப்படி?" நான் பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினேன். நடந்தவற்றில் நான்கைத் தேதியோடு சொன்னேன். ஆகாய கங்கைப் படிக்கட்டையும் சொன்னேன். "நான் சொன்னதாவே யார்கிட்டயும் சொல்லலாம்" என்றேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டாள்.

அவரிடமே சேர்ந்துவிட்டாள். சேர்ந்த வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: தேதி போட்ட டயரி ஒன்று வாங்கிவிட்டாளாம்.