வேறு வேலையாகப் போகிற மாதிரி

கரைவெட்டி ஏரிக்கு வாத்து எண்ண வருகிற பையன்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது நடையைத்தான். பறவையைப் பார்த்து நேராக நடக்காதே. கரையோரமாகச் சாய்ந்து, வேறு வேலையாகப் போகிற மாதிரி போ. அதன் முகத்தைப் பார்க்காதே. எந்தப் பறவை நூலிலும் படித்ததில்லை இதை. எழுபதுகளில் இரட்டைக்குழல் துப்பாக்கியோடு முன்னால் போன மாமா, தோட்டாப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் போன எனக்குச் சொன்னது.

அப்போது அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே உரிமம் வாங்கிச் சிறு வேட்டையாட இடம் இருந்தது. 1991 திருத்தத்தோடுதான் அது போனது. சைக்கிள் கைப்பிடியில் நாலு ஜோடி சிறகியைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு மாமா கடைத்தெரு வழியாக வருவார். டீக்கடையிலிருந்து எழுந்து வந்து பார்ப்பார்கள். எனக்கும் பெருமைதான். ஒருநாள் உயிர் போகாத கிளுவை ஒன்றை என் கையில் கொடுத்தார். இறக்கையில் தண்ணீர் ஒட்டாமல் உருண்டு என் மணிக்கட்டில் விழுந்தது. நெஞ்சுச் சூடு மட்டும் உள்ளங்கையில் நின்றது. அந்த நிமிடமே மனம் மாறியது என்று எழுதினால் பொய். ராத்திரி மிளகு தூக்கலாக வறுத்ததில் எனக்கும் பங்கு உண்டு.

பறவையியலாளர் சாலிம் அலியே சிறுவயதில் ஏர்கன்னால் சுட்டு வீழ்த்திய ஒரு மஞ்சள்தொண்டைச் சிட்டிலிருந்து பறவைகளிடம் வந்தவர். நான் எண்ணிக்கை வழியாக வந்தேன். சுடுகிறவன் கூட்டத்தில் ஒன்றைத்தான் பார்ப்பான். மற்றதெல்லாம் அவனுக்கு இரைச்சல். எண்ணுகிறவன் அப்படி இருக்க முடியாது. முதலில் பத்துப் பறவையை நிதானமாக எண்ணி, அந்தப் பத்து தண்ணீரில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதை வைத்து நூறு. நூறை வைத்துக் கூட்டம். ஊசிவால் வாத்து பரவலாக மிதக்கும், நாமக்கோழி நெருக்கியடிக்கும். ஒன்றின் அளவு மற்றதற்கு ஆகாது. வெயிலை முதுகுக்கு வைத்துக்கொள்வதும் மாமா சொன்னதுதான்.

புள்ளம்பாடி வாய்க்காலில் தண்ணீர் வந்து நிறைகிற ஏரி இது. 1999-இல் சரணாலயம் ஆனது, 2024 ஜனவரியில் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது என்று ஊர்ப் பிள்ளைகளே சொல்கிறார்கள். கவட்டை எடுத்தவனைப் பெண்கள் வைகிறார்கள். அதே நேரம், நல்ல படம் வேண்டும் என்று கல் விட்டெறிந்து கூட்டத்தைக் கிளப்புகிற கேமராக்காரரை யாரும் வைவதில்லை. எனக்கு அவர்மேல்தான் கோபம். மாமாவாவது சாப்பிட்டார்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மாமா சுட்டது ஷிகார். அவர் படம் இன்னும் கூடத்தில் மாலையோடு தொங்குகிறது. கண்ணி வைத்துக் கவுதாரி பிடித்து வயிறு வளர்த்த நரிக்குறவருக்கு மட்டும் திருட்டுப் பட்டம். அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கே 2023 ஆகிவிட்டது. பெரம்பலூர் எறையூரில் அவர்கள் குடியிருப்பு இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரைப் போன ஜனவரிக் கணக்கெடுப்புக்குக் கூட்டிப் போனேன். பைனாகுலரை நீட்டினேன், ஒருதரம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் 640 வரை வந்திருந்தேன்.

"எழுதாதீங்க சாமி. கோரைக்குள்ள தாழைக்கோழி வாயை மூடிக்கிச்சு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்காததைத்தான் அவர் சொல்கிறார் என்று புரிவதற்குள் பூனைப்பருந்து ஒன்று கோரைக்கு மேல் தாழ்வாக வந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்து, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்க்கரையில் போய் இறங்கியது. 640-ஐ அடித்துவிட்டு அவர் பின்னாலேயே நடந்தேன். கரையோரமாக, சாய்வாக நடந்துகொண்டிருந்தார், வேறு வேலையாகப் போகிற மாதிரி.