பக்குவத்துக்கு ஏது அளவுகோல்?

வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்து 1988-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினோம். சட்டத்துக்கு ஒரு கோடு வேண்டும். வயதைவிட எளிதான கோடு வேறில்லை. ஆனால் அந்தக் கோட்டைப் பார்த்து மனிதர்கள் முதிர்வதில்லை. பதினைந்து வயதில் குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைகள் உண்டு. எழுபது வயதில், பத்திரிகையில் தன் பெயர் விட்டுப்போனது என்று கல்யாணத்துக்கே வராதவர்களும் உண்டு.

பிறகு பக்குவத்தை எதைக்கொண்டு அளப்பது? அமெரிக்காவில் 1938-இல் தொடங்கிய ஹார்வர்ட் ஆய்வு பொறுமையாக இதற்கு விடை தேடியது. 268 கல்லூரி மாணவர்களையும், பின்னர் இணைந்த இன்னோர் ஆய்வின் வழியே பாஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்த 456 பேரையும் முதுமைவரை பின்தொடர்ந்தார்கள். அதை நெடுங்காலம் நடத்திய மனநல மருத்துவர் ஜார்ஜ் வைலன்ட், இடி விழும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்று கவனித்தார். பழியை அடுத்தவர்மேல் போடுவது கீழ்ப்படி. ஆத்திரத்தை உரிய நேரம்வரை அடக்கிவைப்பது, வரப்போவதற்கு முன்கூட்டியே தயாராவது, துன்பத்திலும் சிரிக்க முடிவது, பிறருக்கு உதவித் தன் வலியை ஆற்றிக்கொள்வது எல்லாம் மேல்படி. வயது ஏற ஏறப் பலர் மேலே வந்தார்கள். படிப்பும் வசதியும் அதைத் தீர்மானிக்கவில்லை. தொடக்கத்தில் எடுத்துக்கொண்டவர்கள் எல்லாரும் ஆண்கள் என்பது அந்த ஆய்வின் பெரிய குறை. ஆனாலும் அது காட்டிய வழி எனக்குச் சரியென்றே படுகிறது.

என் பெரியப்பாவை வைத்துத்தான் சொல்கிறேன். இளவயதில் குழம்பில் உப்பு குறைந்தால் அவர் தட்டு முற்றத்துக்குப் பறக்கும். பெரியம்மா படுக்கையில் விழுந்த பிறகு அவரே கஞ்சி காய்ச்சி, ஆற்றி, ஊட்டினார். "வாய்க்குப் பிடிக்கலன்னா சொல்லு, வேற வச்சுத் தரேன்" என்பார். முப்பதில் அவரை எடைபோட்டவர்கள் எழுபதில் அவரை அடையாளம் கண்டிருக்க மாட்டார்கள்.

ஒரே நாளில் வைக்கும் எந்தத் தேர்விலும் பக்குவம் பிடிபடாது. ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து பார்க்க வேண்டும். அதனால், பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்து "இது உருப்படாது" என்று தீர்ப்பெழுதாதீர்கள். அளந்தே ஆகவேண்டுமென்றால் உங்களை அளந்துகொள்ளுங்கள்: கடைசியாக ஒரு காரியம் கெட்டபோது, முதலில் யார்மேல் பழி போட்டீர்கள்?