பின்தகட்டை யாரும் கேட்பதில்லை

“பூட்டைப் பத்தி எல்லாரும் கேக்குறாங்க சார். பின்தகட்டைப் பத்தி ஒருத்தர்கூடக் கேக்கல” என்றார் பீரோ பட்டறைக்காரர். தகடு வெட்டும் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ஜவ்வாது மலைச் சந்தனக் கட்டைகளைக் கிடங்கில் பூட்டிவைத்து அரசு ஏலம் விடும் ஊர் திருப்பத்தூர். காவல் என்றால் என்னவென்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், பீரோ வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது கண்ணாடியைத்தான்.

தகட்டின் தடிமனைச் சொல்லும் கேஜ் கணக்கு தலைகீழானது. எண் ஏற ஏறத் தகடு மெலியும். 18 கேஜ் ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர், 22 கேஜ் அதில் மூன்றில் இரண்டு பங்குகூட இராது. கதவுக்குத் தடித்த தகடும் முதுகுக்கு மெல்லியதும் போட்டால் விலை இறங்கும். முதுகுதான் சுவரோரம் நிற்கிறதே, யார் பார்க்கப் போகிறார்கள்?

லாக்கர் கதவை மாட்டிக்கொண்டிருந்த தம்பி, விளிம்பில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் போகிற இடத்தில் கடப்பாரை நுனியும் போகும் என்று கதவைக் கழற்றி மறுபடி தட்டினார். அடுத்தது கீல். அது வெளியே தெரிந்தால் திருடன் அதைத்தான் அறுப்பான். அறுத்தாலும் கதவு பெயராமலிருக்க, கீல் பக்கமும் சட்டத்துக்குள் போய் உட்காரும் முளைகளை வெல்டு செய்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு மட்டும்! ரகசிய அறை மட்டும் எல்லாருக்கும் வேண்டும். எல்லா பீரோவிலும் அது ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பதைத் திருடர்களும் அறிவார்கள்.

புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டே தொங்கினாலும், திருடன் அதோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. 2021 டிசம்பரில் வேலூர் நகைக்கடை ஒன்றில் பின்சுவரைத் துளையிட்டுச் சுமார் 15 கிலோ தங்கத்தை அள்ளினார்கள். அது ஒடுகத்தூர்ச் சுடுகாட்டில் புதைந்து கிடந்தது. 2023 பிப்ரவரியில் திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் பகுதிகளில் ஒரே இரவில் 4 ஏடிஎம்களை கேஸ் கட்டரால் அறுத்து 72 லட்சத்துக்கும் மேல் கொண்டுபோனார்கள்.

கேஸ் கட்டர் இரும்பை வெறுமனே உருக்குவதில்லை; சிவக்கக் காய்ந்த இரும்பை ஆக்சிஜன் பீய்ச்சி எரித்துவிடுகிறது. அதனால் தகட்டைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் மட்டும் போதாது. பெரிய பெட்டகங்களில் இரண்டு தகடுகளுக்கு நடுவே கடினக் கற்கள் கலந்த கான்கிரீட்டை நிரப்புகிறார்கள். சிலவற்றில் வெப்பத்தை இழுத்துப் பரப்பச் செம்புத் தகடும் உண்டு. அமெரிக்காவின் டிஎல்-15 தரச் சோதனையில், பெட்டகத்தின் வரைபடத்தைப் படித்துவிட்டே ஆட்கள் உடைக்க வருகிறார்கள். கருவி வேலை செய்யும் நேரம் மட்டும் கணக்கு; 15 நிமிடம் தாங்கினால் தேறியது. உடையவே உடையாது என்று யாரும் சான்று தருவதில்லை. போலீஸ் வந்துசேரும் வரை தாங்குமா என்பதுதான் கேள்வி.

உடைக்க நேரமில்லாதவன் பெட்டியோடு தூக்கிப்போவான். அதைத் தடுக்கத்தான் ஏடிஎம்களைத் தரையிலோ சுவரிலோ பதித்து இறுக்கச் சொல்லி 2019-இல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இந்தப் பட்டறையிலும் லாக்கர் பெட்டியின் அடியில் போல்ட்டுக்கு நான்கு துளை போட்டுத் தருகிறார்கள்.

“யாராவது போல்ட் போடுறாங்களா?” என்று கேட்டேன்.

“எங்க சார்! டைல்ஸ் ஒடஞ்சிடும்ங்கறாங்க.”