சங்கரன்கோவில் ஜீப்பின் பூர்வீகம்

ஆர்.சி. புத்தகம் 1948 என்கிறது. பானெட்டோ 1953-க்கு முன்னால் பிறந்திருக்க வழியே இல்லை. சங்கரன்கோவில் பட்டறை ஒன்றில் பிரித்துப் போட்டிருந்த ஜீப்பைப் பார்த்ததுமே இந்தக் கணக்கு உதைத்தது.

வண்டி என் நண்பருடையது. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். ஐப்பசி மழையில் கரிசல் நனைந்துவிட்டால் மற்ற வண்டிகளின் சக்கரத்தை மண் விடாது. நாலு சக்கரமும் இழுக்கும் இந்த ஜீப்தான் அவருடைய அப்பாவைக் கரையேற்றியிருக்கிறது. ‘யுத்தத்துல ஓடின வில்லிஸ்’ என்று அதற்கு ஊரில் பேர். பட்டறைக்காரருக்கு அந்தப் பெருமையெல்லாம் ஒரு பொருட்டில்லை. “அண்ணாச்சி, பாடியை டிங்கரிங் பண்ணிரலாம். சேஸ்தான் போச்சு. வடக்கே புதுசு அடிச்சுக் குடுக்காங்க, இறக்கிருவோமா?” என்றார். நண்பர் சரியென்று தலையாட்டிவிட்டார். எதைக் கழற்றி எறியப்போகிறோம் என்று தெரியாமல் எறிய எனக்கு மனசில்லை.

ஜீப் பிரியர்கள் உலகத்தை ‘லோ பானெட்’, ‘ஹை பானெட்’ என்று இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். போர்க்கால ஜீப்பில் வால்வுகள் எல்லாம் இன்ஜின் பிளாக்கிலேயே அடங்கியிருந்தன. இன்ஜின் குள்ளம், அதனால் பானெட்டும் தாழ்வு. பின்னால் வில்லிஸ் கம்பெனி சக்தியைக் கூட்டுவதற்காக, காற்றை உள்ளிழுக்கும் வால்வுகளை மட்டும் மேலே ஹெட்டுக்கு ஏற்றியது. இன்ஜின் உயர்ந்தது; மூடியையும் தூக்க வேண்டியதாயிற்று. அப்படி 1953-ல் வந்ததுதான் சி.ஜே.3பி. அமெரிக்காவில் 1968-ல் அதை நிறுத்திவிட்டார்கள். மஹிந்திரா அந்தத் தூக்கிய முகத்தைப் பல பத்தாண்டுகள் விடவில்லை. நம் ஊரில் ஜீப் என்றால் மனசில் வருவது அந்த முகம்தான். இந்த வண்டிக்கும் அதே முகம். அப்படியானால் 1948 எங்கிருந்து வந்தது?

நண்பர் வீட்டில் ஒரு கதை உண்டு: வண்டி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்திறங்கியது என்று. கேட்டதும் எனக்கு ஜீப் ஊழல்தான் நினைவுக்கு வந்தது. காஷ்மீர்ப் போருக்காக 1948-ல் லண்டன் தூதர் வி.கே. கிருஷ்ண மேனன் பழைய ஜீப்புகளுக்கு ஆர்டர் கொடுத்தார். 155 ஜீப்புகள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தன. எதுவும் உதவாது என்று ராணுவம் கைவிரித்துவிட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் என்று இன்றும் சொல்லப்படும் அந்த விவகாரத்தை 1955-ல் அரசு முடித்துவைத்தது. அந்த 155-ல் ஒன்று சங்கரன்கோவிலில் நிற்கிறது என்று எழுதக் கை பரபரத்தது உண்மை. ஆனால் அவை வந்திறங்கியது 1949-ல். நம் வண்டி அதற்கு முந்தைய வருஷமே பதிவாகிவிட்டது.

மிச்சமிருந்த சாட்சி, வண்டியின் அடிச்சட்டமான சேஸ் ஒன்றுதான். வயர் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க பெயின்ட், கிரீஸ், அதற்கடியில் கல்லாக இறுகிய கரிசல் என்று அடுக்கடுக்காக உதிர்ந்தது. ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு நெடும் பட்டைகளையும் இணைக்கும் குறுக்குத் துண்டை முதலில் பார்த்தோம். வில்லிஸ் செய்த போர்க்கால ஜீப்பில் அது உருண்டைக் குழாய். இதில் கவிழ்த்துவைத்த ‘ப’ மாதிரி இருந்தது. அப்புறம் இடது பட்டையின் மேல்பக்கம், இன்ஜின் உட்காரும் இடத்தருகே, ஆர்.சி.யில் உள்ள அதே எண்; அதற்கு முன்னால் ஜி.பி.டபிள்யூ என்ற மூன்று எழுத்து. சில போல்ட்டுத் தலைகளில்கூட எஃப் என்ற எழுத்து நின்றது. வண்டி வில்லிஸ் இல்லை, ஃபோர்டு!

ஃபோர்டு ஜீப் செய்தது எப்படி என்றால், 1940-ல் அமெரிக்க ராணுவம் 49 நாளில் மாதிரி வண்டி வேண்டும் என்று கேட்டது. பென்சில்வேனியாவில் நொடித்துப்போயிருந்த பேன்டம் என்ற சிறு கம்பெனி, கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த படத்தைவைத்து செப்டம்பர் 23 அன்று வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியது. அத்தனை சின்னக் கம்பெனியால் ராணுவத்தின் பசிக்குப் போட முடியாது என்று வேலை வில்லிஸுக்கும், வில்லிஸின் வரைபடத்தை வைத்தே ஃபோர்டுக்கும் போயிற்று. ஃபோர்டு மட்டும் சுமார் 2,80,000 வண்டிகள் செய்தது. ஜி.பி.டபிள்யூவின் கடைசி எழுத்து வில்லிஸைத்தான் குறிக்கிறது. ஊர் சொன்னது முழுப் பொய்யில்லை. பர்மா முனைக்காக வந்து குவிந்த ராணுவத் தளவாடங்கள், போர் முடிந்ததும் டிஸ்போசலில் விலைபோயின. நம் ஜீப்பும் அந்த வழியில் வந்து 1948-ல் பதிவானதுதான். போர்க்கால ஜீப், சி.ஜே.3பி இரண்டுக்கும் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை 80 அங்குலம். ஆகவே பழைய பாடி இற்றுப்போனபோது யாரோ மஹிந்திரா பாடியைத் தூக்கி மேலே உட்காரவைத்துவிட்டார்கள். அதற்கும் பிறகு பெட்ரோல் இன்ஜின் போய் பியூஜோ டீசல் வந்திருக்கிறது.

ஆக, 1948-ல் பதிவான வண்டியினுடையது என்று சொல்ல இதில் மிஞ்சியிருப்பது, பட்டறைக்காரர் தூக்கிப்போடச் சொன்ன அந்த ஒன்றுதான்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற தனி நம்பர் கொடுக்கும் 2021 விதியில், சேஸையோ பாடியையோ இன்ஜினையோ மாற்றியிருந்தால் அந்தத் தகுதி கிடையாது. இங்கிலாந்தில் நெடுங்காலம் ஒரு புள்ளிக் கணக்கு இருந்தது: பழைய நம்பரைத் தக்கவைக்க 8 புள்ளி வேண்டும், சேஸுக்கு 5, இன்ஜினுக்கு வெறும் 1. ஆனால் உற்பத்தியாளரிடமிருந்தே வாங்கிய புது சேஸ் என்றால் அந்த 5-ஐயும் கொடுத்துவிடுவார்கள். அதனால் லேண்ட் ரோவர்க்காரர்கள் துணிந்து மாற்றினார்கள். அந்த லேண்ட் ரோவரின் முதல் மாதிரியே 1947-ல் ஒரு ஜீப் சேஸ் மேல் கட்டியதுதான்!

வடக்கே அடித்துத் தரும் புது சேஸுக்கு அந்தச் சலுகை ஏது? பழைய எண்ணை அதில் பதிப்பது மோசடி. பதிக்காவிட்டால் ஆர்.சி. வெறும் காகிதம். இதைச் சொன்னபோது பட்டறைக்காரர் கோபப்படவில்லை. சுத்தியலால் பட்டை நெடுகத் தட்டிக்கொண்டே போனார். முன்பாதி கணீரென்றது. இரண்டு தகடு ஒட்டியிருந்த பின்பக்கத்தில்தான் இடுக்கில் ஈரம் தங்கி, பொத்தென்று உள்வாங்கியது. “அப்ப பின்னாடி மட்டும் வெட்டி ஒட்டுவோம். கூலி கூடும், பரவால்லையா?” என்றார்.

வெட்டி ஒட்டியாகிவிட்டது. நண்பருக்கு இப்போது புது ஆசை: ஃபோர்டு என்று தெரிந்துவிட்டதே, லோ பானெட் பாடி வாங்கிப் போட்டு, பச்சைப் பெயின்ட்டும் வெள்ளை நட்சத்திரமும் அடிக்க வேண்டுமாம். நான் ஒப்பவில்லை. போரில் ஓடியதைவிட அதிக வருஷம் இந்த முகத்தோடு புளியங்குடி ரோட்டில் எலுமிச்சை மூட்டை சுமந்த வண்டி அது. “சேஸை விடக்கூடாதுன்னு சொன்ன ஆள் நீங்கதானே?” என்று மடக்குகிறார். பட்டறைக்காரர் இரண்டு பாடிக்கும் விலை விசாரித்து வைத்திருக்கிறார்.